நர்ஸாக வந்தவர்களும் நர்ஸ் ஆனவர்களும்

எங்கள் கல்லூரியில் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு அட்டவணை வெளியாகும். மருத்துவம் சார்ந்த படிப்புகளில் யார் யார் படிக்கிறார்கள் என்ற கணக்கு. நர்சிங், டென்டல் ஹைஜீன், ரேடியோகிராஃபி என்று வரிசையாகப் படிப்புகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆண் எத்தனை விழுக்காடு, பெண் எத்தனை, எந்த வயதில் எத்தனை பேர், ஆசியர், கறுப்பினத்தவர், ஹிஸ்பானிக், வெள்ளையர், ‘விவரம் இல்லை’. கூட்டத்தில் அதைத் திரையில் போடுவார்கள். சுற்றியுள்ள ஊர்களில் இருக்கும் கலவை அப்படியே இங்கேயும் இருக்கிறது என்று யாராவது மகிழ்ச்சியோடு சொல்வார்கள். தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவோம். அது பெரும்பாலும் பார்க்கிங் பற்றியதாக இருக்கும்.

நான் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் பகுதிநேர ஆசிரியை. மாலை நேர அனாட்டமி லேப் எடுக்கிறேன். ஊரில் விலங்கியல் எம்.எஸ்ஸி. படித்துவிட்டுத் தவளையையும் கரப்பான் பூச்சியையும் அறுத்துக்கொண்டிருந்தவளுக்கு மனித எலும்புகளைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். நர்சிங்கில் சேர விரும்பும் எவரும் எங்கள் லேபைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் அந்த அட்டவணையில் இருக்கிறவர்களில் பலரை எனக்குத் தெரியும். அதில் இல்லாதவர்கள் பலரையும் தெரியும். இந்தப் பதிவு அந்த இரண்டாவது கூட்டத்தைப் பற்றியது.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். கம்யூனிட்டி காலேஜ் என்பது இரண்டாண்டுக் கல்லூரி. 1901-இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட்டில் தொடங்கிய ஜூனியர் காலேஜைத்தான் இன்று இயங்கும் அரசுக் கல்லூரிகளில் மூத்தது என்பார்கள். கலிபோர்னியாவில் மட்டும் இப்போது 116 இருக்கின்றன. 1960-இல் இந்த மாநிலம் போட்ட உயர்கல்வித் திட்டப்படி, பள்ளியில் முதல் எட்டில் ஒரு பங்குக்குள் வருபவர்கள் யூ.சி. (யூனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா) பல்கலைக்கழகங்களுக்கு, முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வருபவர்கள் கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகங்களுக்கு, கம்யூனிட்டி காலேஜ் எல்லோருக்கும். 18 வயது ஆகியிருந்தால் போதும், மதிப்பெண் கேட்கமாட்டார்கள். ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் கிரெடிட்) 46 டாலர் கட்டணம், 2012-இலிருந்து மாறவில்லை. வருமானம் குறைந்தவர்களுக்கு அதுவும் கிடையாது.

ஆனால் கல்லூரியில் சேர்வது வேறு, நர்சிங்கில் சேர்வது வேறு. கல்யாண மண்டபத்துக்குள் யார் வேண்டுமானாலும் வரலாம், பந்தியில் இலை எண்ணித்தான் போட்டிருக்கிறது. அனாட்டமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி, ஆங்கிலம் எல்லாம் முடித்து, டீஸ் என்ற நுழைவுத் தேர்வில் குறைந்தது 62 விழுக்காடு வாங்கிய பிறகுதான் விண்ணப்பிக்கவே முடியும். அதன்பின்னும் இடங்களைப் போல் பல மடங்கு விண்ணப்பங்கள் வந்து குவிகின்றன. கலிபோர்னியாவில் ஆர்.என். எனப்படும், உரிமம் பெற்ற பதிவு நர்ஸ் ஒருவரின் சராசரி ஆண்டுச் சம்பளம் 1,30,000 டாலருக்கு மேல். நாட்டிலேயே இதுதான் அதிகம். ஒரு நர்ஸிடம் இத்தனை நோயாளிகளுக்கு மேல் ஒப்படைக்கக் கூடாது என்று 1999-இல் சட்டம் போட்டு 2004-இலிருந்து நடைமுறைப்படுத்திய மாநிலம் இது. கூட்டம் வராமல் என்ன செய்யும்?

அட்டவணை நர்சிங்கில் இடம் கிடைத்தவர்களிலிருந்து தொடங்குகிறது. அதற்கு முன் இரண்டு மூன்று ஆண்டுகள் எங்களிடம் அல்லாடியவர்கள் ‘பொதுக் கல்வி’, ‘உயிரியல்’ என்ற தலைப்புகளில் கரைந்துவிடுகிறார்கள்.

யார் அவர்கள்? மாலை ஆறரை மணி லேபுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே ஏதோ ஒரு மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ வேலை பார்ப்பவர்கள். பணிச் சீருடையைக்கூட மாற்றியிருக்க மாட்டார்கள். இந்தப் பகுதியில் சாதாரண வீடுகளையே ஆறு முதியவர்கள் தங்கும் இல்லமாக மாற்றி நடத்துவார்கள். அந்த வேலையில் பிலிப்பினோக்கள் அதிகம். அப்படி ஓர் இல்லத்தில் பல வருடங்களாக இரவுப் பணி செய்யும் அம்மா ஒருவர் என் லேபில் இருந்தார். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. படுத்த படுக்கையாக இருப்பவரைப் புரட்டிப் போடும்போது எந்த எலும்பு எங்கே உறுத்தும் என்று அவர் கைக்குத் தெரியும். அதே எலும்பைத் தட்டில் வைத்து, இடதா வலதா, இந்த மேட்டின் பெயர் என்ன என்று கேட்டால் தடுமாறுவார். பக்கத்தில் இருந்த 19 வயதுப் பெண், ஃபிளாஷ் கார்டு வைத்து மனப்பாடம் செய்தவள், ஒரே மூச்சில் எழுதிவிடுவாள். எனக்குக் கொடுத்திருக்கும் விதிப்படி இரண்டாமவளுக்குத்தான் ‘ஏ’. அதை நான் மாற்றவும் இல்லை, மாற்ற வேண்டும் என்று வாதாடவும் இல்லை. பெயர் தெரியாமல் மருத்துவமனையில் காலம் தள்ள முடியாது.

எத்தியோப்பியாவில் கணக்கு வாத்தியாராக இருந்து இங்கே ராத்திரியில் டாக்ஸி ஓட்டுபவர். பாட்டியை டயாலிசிஸுக்கு அழைத்துப்போய் அழைத்துப்போய், டாக்டருக்கும் பாட்டிக்கும் நடுவே மொழிபெயர்த்தே வளர்ந்த மெக்சிகன் பெண். ராணுவத்தில் மெடிக்காக இருந்தவர், எலும்பின் பெயரைவிட எலும்பு முறிந்த சத்தத்தை நன்றாக அறிந்தவர். அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜ்களின் சங்கம் தரும் கணக்குப்படி, நாடு முழுவதும் இந்தக் கல்லூரிகளில் படிப்போரின் சராசரி வயது 27, 28. சுமார் 30 விழுக்காட்டினர் வீட்டில் முதல்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். சுமார் 15 விழுக்காட்டினர் துணையின்றித் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள். மாலை லேபில் இந்த எண்கள் எல்லாமே கூடுதலாக இருக்கும் என்பது என் கண்ணுக்குத் தெரிவது. ஆனால் ‘எத்தனை மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வருகிறாய்’ என்ற கேள்விக்கு அட்டவணையில் இடமே இல்லை. என்னைக் கேட்டால் மற்றெல்லாக் கேள்விகளுக்கும் முன்னால் கேட்க வேண்டியது அதைத்தான்.

இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இந்தப் படிப்பே வந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நர்ஸ்களுக்குக் கடும் பற்றாக்குறை. அப்போது பெரும்பாலான நர்ஸ்கள் மருத்துவமனைகள் நடத்திய மூன்றாண்டு டிப்ளமோ பள்ளிகளில் பயின்றவர்கள். விடுதியில் தங்க வேண்டும், கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது, இளம்பெண்ணாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் அங்கே சாதாரணம். கறுப்பினப் பெண்களைச் சேர்க்காத பள்ளிகள் ஏராளம்; ஆண்களுக்கும் அப்படியே. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜில் மில்ட்ரெட் மாண்டேக் தன் ஆய்வேட்டில் ஒரு யோசனை வைத்தார்: நர்சிங்கை இரண்டாண்டுகளில், ஜூனியர் காலேஜ்களில், மற்ற மாணவர்களோடு சேர்த்தே கற்றுத் தரலாம். 1952-இல் சோதனை முயற்சி தொடங்கியது. விடுதிக் கட்டாயம் போனதும் மணமானவர்கள் வந்தார்கள், பிள்ளை பெற்றவர்கள் வந்தார்கள், வயதில் மூத்தவர்கள் வந்தார்கள், ஆண்களும் வந்தார்கள். மாண்டேக் மனதில் இருந்தது, பட்டதாரி நர்ஸுக்குக் கீழே வேலை செய்யும் ஒரு தொழில்நுட்ப நர்ஸ். ஆனால் இரு சாராரும் ஒரே உரிமத் தேர்வை எழுதித் தேறினார்கள், ஒரே ஆர்.என். உரிமத்தைப் பெற்றார்கள். இன்றும் என்கிளெக்ஸ் என்ற அந்த உரிமத் தேர்வு இருவருக்கும் ஒன்றுதான்.

ஆக, யார் படிக்க வருகிறார்கள் என்பதை மாற்றிக் காட்டியதுதான் இந்தப் படிப்பின் முதல் சாதனை. எழுபது ஆண்டுகள் கழித்து அதே கேள்வியை நாம் சேர்க்கைப் பட்டியலின் கடைசிக் கட்டத்தில் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஒரு காலத்தில் கலிபோர்னியாவில் பல கல்லூரிகள் தகுதியுள்ளவர்களின் பெயரை எழுதிப் போட்டுக் குலுக்கல் நடத்தின. வேறு சில, காத்திருப்போர் பட்டியல் வைத்து வரிசைப்படி எடுத்தன. வருடக்கணக்கில் காத்திருந்தாலும் முறை வரும் என்ற நம்பிக்கை இருந்தது. ஆனால் இடம் கிடைத்தவர்களில் பலர் பாதியில் விட்டுப் போனார்கள். ஓர் இடம் காலியானால் அதை நடுவில் எளிதில் நிரப்ப முடியாது. ஒரு நர்ஸ் குறைந்தார் என்று அர்த்தம். அதனால் கம்யூனிட்டி காலேஜ்களின் மாநிலத் தலைமை அலுவலகம் பழைய மாணவர்களின் தகவல்களை அலசி, யார் தேறுவார் என்று கணிக்கும் ஒரு சூத்திரத்தைக் கொடுத்தது. கல்லூரி மதிப்பெண் சராசரி, ஆங்கிலத்தில் வாங்கியது, உயிரியல் பாடங்களில் வாங்கியது, உயிரியல் பாடத்தை எத்தனை முறை திரும்ப எடுத்தார் என்பது. முதல் மூன்றும் ஏற்றும், நான்காவது இறக்கும்.

அந்த நான்காவதில்தான் என் மாலை லேப் விழுகிறது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்து மூன்று வகுப்பு போயிற்று, பாதியில் விட்டுவிட்டார்; முதலாளி ஷிஃப்டை மாற்றிவிட்டார்; கார் நின்றுபோயிற்று. அடுத்த செமஸ்டரில் மறுபடி எடுத்து ‘ஏ’ வாங்குவார். ஆனால் ‘திரும்ப எடுத்தவர்’ என்ற அடையாளம் போகாது. கலிபோர்னியா விதிப்படி ஒரு பாடத்தைப் பொதுவாக மூன்று முறைக்கு மேல் எடுக்கவும் முடியாது, பாதியில் விட்டதும் அதில் ஒன்றாகவே சேரும். சூத்திரத்தில் இனம் இல்லை, பாலினம் இல்லை, வருமானம் இல்லை. இருந்தும் அந்த ஒரு வரி எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்துவிடுகிறது. யார் வகுப்பைப் பாதியில் விடுகிறார்கள் என்பது அறிவைப் பொறுத்ததைவிட யாருக்கு மாற்று ஆள் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மாமியார் வீட்டில் இருந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் அனாட்டமியில் ‘பி’ என்பது ‘ஏ’ ஆகும். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கல்லூரிகளை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. மாநில நர்சிங் வாரியத்தின் விதி, முதல்முறை உரிமத் தேர்வு எழுதுவோரில் குறைந்தது 75 விழுக்காட்டினர் தேற வேண்டும் என்கிறது. அதற்குக் கீழே போனால் விசாரணை, எச்சரிக்கை, தொடர்ந்தால் படிப்பையே மூட வேண்டி வரும். துறைத் தலைவரின் தலைக்கு மேல் அந்த எண் தொங்கிக்கொண்டிருக்கும்போது, தேறக்கூடியவரைப் பார்த்து எடுப்பதைத்தான் யாரும் செய்வார்கள். இடங்களைக் கூட்டலாமே என்றால் ஆசிரியர் இல்லை. வார்டில் வேலை பார்த்தால் கிடைக்கும் சம்பளத்தை விட்டுவிட்டுக் குறைந்த சம்பளத்துக்குப் பாடம் நடத்த எத்தனை நர்ஸ்கள் வருவார்கள்? ஆசிரியர் கிடைத்தாலும் பயிற்சிக்கு மருத்துவமனையில் இடம் கிடைக்க வேண்டும். பணம் அதிகம் வைத்திருக்கும் தனியார் கல்லூரிகளும் அதே வார்டுகளுக்குப் போட்டி போடுகின்றன.

இடம் கிடைக்காதவர்கள் ஆசையை விட்டுவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விளம்பரம் பார்த்துக் கடன் வாங்கி லாபநோக்குக் கல்லூரிகளுக்குப் போவார்கள். கலிபோர்னியாவைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த கொரிந்தியன் காலேஜஸ் நிறுவனம் எவரெஸ்ட், ஹீல்ட் போன்ற பெயர்களில் மெடிக்கல் அசிஸ்டென்ட் உள்ளிட்ட படிப்புகளை விற்றுவந்தது. 2015-இல் இழுத்து மூடப்பட்டது. அங்கே கடன்பட்ட சுமார் 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனை 2022-இல் மத்திய அரசு தள்ளுபடி செய்தது. அவர்களில் எத்தனை பேர் முதலில் ஒரு கம்யூனிட்டி காலேஜின் அனாட்டமி லேபில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை எந்த அட்டவணையும் பதிவு செய்யவில்லை.

இனி அட்டவணையின் இனப் பெட்டிகள். மத்திய அரசின் 1997 விதிப்படி கல்லூரிகள் இனத்தைப் பிரிக்கின்றன. ஈரானிலிருந்தும் எகிப்திலிருந்தும் வந்தவர்கள் ‘வெள்ளையர்’. பல தலைமுறையாக ஓக்லாந்தில் வாழும் குடும்பத்துப் பெண்ணும், போன வருடம் அடிஸ் அபாபாவிலிருந்து வந்தவரும் ஒரே பெட்டி. ‘ஆசியர்’ பெட்டியில் பிலிப்பினோ, வியட்நாமியர், சீனர், தமிழர், பஞ்சாபி எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறோம். (1970 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியர்களை வெள்ளையர் கணக்கில் சேர்த்திருந்தார்கள், 1980-இல்தான் ‘ஏசியன் இந்தியன்’ என்று தனியாக வந்தது. நம் ஊர் மேட்ரிமோனியல் விளம்பரக்காரர்களுக்கு இது தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.) நர்சிங்கில் ‘ஆசியர்’ எண் பெரிதாகத் தெரிவதற்குப் பிலிப்பினோக்கள் பெரிய காரணம். 1948-இல் தொடங்கிய பரிமாற்றப் பார்வையாளர் திட்டமும் 1965 குடியேற்றச் சட்டமும் பிலிப்பைன்ஸிலிருந்து நர்ஸ்களை அலை அலையாகக் கொண்டுவந்தன. அம்மா நர்ஸ், சித்தி நர்ஸ் என்று இங்கே இரண்டாம் தலைமுறையும் அதே வழியில் வருகிறது. அந்த ஓர் எண்ணைக் காட்டி ‘ஆசியர்களுக்குக் குறையில்லை’ என்று சொல்லும்போது வியட்நாமிய நகப்பூச்சுக் கடைப் பெண்ணும் மியான்மர் அகதியும் பெட்டியின் அடியில் போய்விடுகிறார்கள். 2024 மார்ச்சில் விதி மாறியது. மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கா என்று தனிப் பெட்டி வருகிறது. எல்லாப் படிவங்களிலும் அது வந்து சேர இன்னும் காலம் பிடிக்கும்.

தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு இந்தப் பெட்டிகள் எதுவும் கிடையாது. மத்திய அரசுக்குத் தரும் கணக்கில் அவர்களை ‘நான்ரெசிடென்ட்’ என்று தனியே ஒதுக்கிவிடுவார்கள், இனப் பிரிவில் சேர்ப்பதில்லை. எச்-4 விசாவில், அதாவது எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவரின் துணைக்குத் தரும் விசாவில் இருக்கும் நம் பெண்கள் அங்கேதான். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் முடித்து, கல்யாணமாகி வந்து, பிள்ளை பள்ளிக்குப் போனதும் ‘இனி என்ன செய்வது’ என்று வருகிறவர்கள். ஊரில் பி.டி.எஸ். முடித்துப் பல் மருத்துவராக இருந்தவர்கள். இங்கே மருத்துவராக வேண்டுமென்றால் மறுபடி இரண்டு மூன்று ஆண்டு படிப்பும் லட்சம் டாலருக்கு மேல் செலவும் ஆகும் என்பதால், டென்டல் ஹைஜீனுக்கோ டென்டல் அசிஸ்டென்ட் படிப்புக்கோ வருவார்கள். பல் பிடுங்கிக்கொண்டிருந்தவர் பல் சுத்தம் செய்யப் படிக்க அனாட்டமி லேபில் வந்து உட்கார்வார். நான் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இருக்காது. கூச்சத்தோடு கையெழுத்து வாங்கிக்கொள்வேன்.

எச்-4-இல் இருப்பவர் படிக்கலாம். கலிபோர்னியாவில் ஓராண்டு குடியிருந்ததைக் காட்டினால் உள்ளூர்க் கட்டணமே போதும். 2014-இல் வந்த ஒரு மாநிலச் சட்டத்தால், சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாவிட்டாலும் வரி அடையாள எண்ணை வைத்துத் தொழில் உரிமம் வாங்க முடியும். ஆவணமில்லாமல் வளர்ந்த பிள்ளைகளை மனதில் வைத்துப் போட்ட சட்டம், நமக்கும் உதவியது. ஆனால் உரிமம் வாங்கினாலும் வேலை பார்க்க அனுமதி வேண்டும். கணவரின் கிரீன் கார்டு மனு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான் அது கிடைக்கும். அந்த வாய்ப்பும் 2015-இல்தான் வந்தது. ஆர்.என். உரிமத்தை ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டு, வேலை அனுமதிக்காகத் தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்களை நான் அறிவேன். கல்லூரியின் ‘வேலை கிடைத்தோர் விழுக்காடு’ அவர்களை எப்படிக் காட்டுகிறது என்று கேட்டால், காட்டுவதில்லை.

சூத்திரம் மட்டுமே என்றிருந்த நிலையைச் சட்டம் கொஞ்சம் தளர்த்தியது. மாநிலக் கல்விச் சட்டப்படி, இடத்தைவிட விண்ணப்பம் அதிகமாக உள்ள கல்லூரிகள் பல அளவுகோல்களை வைத்துப் புள்ளி போடலாம். மதிப்பெண்ணோடு, மருத்துவத் துறை அனுபவம், குறைந்த வருமானம், முதல் தலைமுறைப் பட்டம், உடல் குறைபாடு, வேலை பார்த்தே தீர வேண்டிய நிலை, அகதி நிலை, முன்னாள் ராணுவத்தினர் என்பவை எல்லாம் சேரும். இனத்தை மட்டும் தொடக்கூடாது. 1996-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 209-ஆம் முன்மொழிவு அதைத் தடுத்துவிட்டது. 2023-இல் ஹார்வர்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதுக்கும் சொன்னதை நாங்கள் கால் நூற்றாண்டு முன்பே அனுபவித்துவிட்டோம். அதனால் முதியோர் இல்லத்து அம்மாவுக்கு அவர் பார்த்த வேலைக்கான புள்ளி கிடைக்கும். ஆனால் எல்லாக் கல்லூரிகளும் ஒரே அளவில் புள்ளி தருவதில்லை. சில இடங்களில் மதிப்பெண்ணுக்கே பெரும்பங்கு. வாழ்க்கைக்கு ஒட்டுப்போட்டது போல நாலைந்து புள்ளி.

அந்தச் சட்டத்திலேயே இன்னொரு வரி இருக்கிறது: ஆங்கிலம் அல்லாத மொழித் திறனுக்கும் புள்ளி. சைகை மொழி, அரபி, சீனம், ஃபார்சி, ரஷ்யன், ஸ்பானிஷ், தகலோக் என்று பெயர் சொல்லிவிட்டு, இந்தியத் துணைக்கண்டத்தின் பல்வேறு மொழிகள் என்றும் போட்டிருக்கிறார்கள். இதை நம்மவர்களில் பலர் கவனிப்பதில்லை. வகுப்பில் என்னை ‘ப்ரொஃபசர்’ என்றும் பார்க்கிங்கில் ‘அக்கா’ என்றும் கூப்பிடும் ஒரு பெண்ணிடம் இதைச் சொன்னேன்.

“தமிழ் தெரியும்னு எப்படிக்கா நிரூபிக்கிறது?”

“பிளஸ் டூ மார்க் ஷீட் இருக்குல்ல?”

“இருக்கு. தமிழ்ல 178. கெமிஸ்ட்ரியப் பாத்தா அவமானமா இருக்கும், பரவால்லயா?”

மார்க் ஷீட்டை மதிப்பீடு செய்யும் நிறுவனத்துக்கு அனுப்பி, அவர்கள் அதை அமெரிக்க வடிவத்தில் எழுதித் தர, கல்லூரி ஏற்றுக்கொண்டது. திருநெல்வேலியில் ஒரு தமிழாசிரியை போட்ட மதிப்பெண் கலிபோர்னியாவில் நர்சிங் இடத்துக்குப் புள்ளியானது. இந்தப் பகுதியில் ஆங்கிலம் தெரியாத அப்பா அம்மாக்களை வைத்திருக்கும் தமிழ் வீடுகள் எத்தனை! நெஞ்சு ‘பிடிக்குது’, ‘கரிக்குது’, ‘அடைக்குது’ மூன்றுக்கும் வித்தியாசம் தெரிந்த நர்ஸ் ஒருவர் வார்டில் இருப்பதற்கு அந்தப் புள்ளி மலிவு.

நர்சிங்கையே பேசிக்கொண்டிருக்கிறேன், மற்றவை பற்றிச் சுருக்கமாக. படிப்புக்குப் படிப்பு ஆட்கள் மாறுவார்கள். ஆம்புலன்ஸ் வேலைக்கான இ.எம்.டி., பாராமெடிக் வகுப்பில் ஆண்கள் அதிகம். டென்டல் ஹைஜீனில் ஏறக்குறைய முழுக்கப் பெண்கள். அங்கே இன்னொரு சல்லடையும் உண்டு: பல கல்லூரிகளில் சுத்தம் செய்து பழக நோயாளிகளை மாணவர்களே தேடிப் பிடித்து வர வேண்டும். வார நாளில் சில மணி நேரம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்க நேரமுள்ள சொந்தக்காரர்கள் யாருக்கு இருப்பார்கள்? மணிக்கூலிக்கு வேலை பார்க்கும் குடும்பத்துக்கு இல்லை. கருவிப் பெட்டிக்கு ஆயிரக்கணக்கில் செலவு வேறு. இனப் பெட்டியில் தெரியும் ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் இப்படி எங்கோ ஒரு பாடத்திட்டக் குறிப்பில் ஒளிந்திருக்கும்.

நர்சிங்கில் ஆண்கள் 1970-இல் 3 விழுக்காட்டுக்கும் கீழே. 2022 தேசிய ஆய்வில் சுமார் 11 விழுக்காடு. இந்த மாற்றத்தில் ஒரு வழக்குக்கும் பங்கு உண்டு. மிசிசிப்பி மகளிர் பல்கலைக்கழகத்தின் நர்சிங் பள்ளி, ஜோ ஹோகன் என்ற ஆண் நர்ஸைச் சேர்க்க மறுத்தது. 1982-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அது தவறு என்றது. தீர்ப்பை எழுதியவர் சாண்ட்ரா டே ஓகானர், அந்த நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. ஆண்களை விலக்குவது நர்சிங் பெண்கள் வேலை என்ற பழைய எண்ணத்தையே உறுதிப்படுத்துகிறது என்பது அவர் வாதம். என் லேபில் இப்போது ஆண்கள் இருப்பதை யாரும் கவனிப்பதுகூட இல்லை.

அடுத்து வரப்போகும் நெருக்கடி பட்டம் சம்பந்தப்பட்டது. 2010-இல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் அறிக்கை, 2020-க்குள் நர்ஸ்களில் 80 விழுக்காட்டினர் நான்காண்டுப் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இலக்கு எட்டவில்லை, ஆனால் பெரிய மருத்துவமனைகள் பட்டதாரிகளையே தேட ஆரம்பித்துவிட்டன. உரிமம் பெற்ற பத்தாண்டுகளுக்குள் பட்டம் பெற வேண்டும் என்று நியூயார்க் 2017-இல் சட்டமே போட்டது. கலிபோர்னியாவில் 2014 சட்டத்தால் சில கம்யூனிட்டி காலேஜ்கள் நான்காண்டுப் பட்டம் தரத் தொடங்கின. ஃபுட்ஹில் கல்லூரியில் டென்டல் ஹைஜீன், ஸ்கைலைன் கல்லூரியில் ரெஸ்பிரேட்டரி கேர் (சுவாசச் சிகிச்சை). அரசுப் பல்கலைக்கழகங்கள் தரும் பட்டத்தை மறுபடி தரக்கூடாது என்ற நிபந்தனையால் நர்சிங் மட்டும் வெளியே நின்றது. அதைச் சோதனையாகத் திறந்துவிடும் மசோதாவை 2024-இல் ஆளுநர் நியூசம் தடுப்பதிகாரத்தால் நிறுத்திவிட்டார். பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நடத்தும் திட்டங்கள் இருக்கின்றன, இருபது வயதுக்காரர்களுக்கு அவை சரி. நாற்பதைத் தாண்டி, இரவுப் பணி பார்த்து, அனாட்டமியை இரண்டாம் முறை முடித்து, ஒருவழியாக ஆர்.என். ஆனவரிடம் ‘இன்னும் இரண்டு வருடம்’ என்பது அவரை முதியோர் இல்லத்திலேயே நிறுத்தி வைக்கிற வேலை. அதிக நர்ஸ்களுக்குப் பட்டம் இருக்கும் மருத்துவமனைகளில் இறப்பு குறைவு என்ற ஆய்வுகளை நான் மறுக்கவில்லை. பட்டத்தை அவர் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவராமல் அவரை அலையவிடுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

ஒரு கூட்டத்தில் கையைத் தூக்கி, அட்டவணையை அனாட்டமி வகுப்பின் முதல் வாரத்திலிருந்து போட முடியுமா என்று கேட்டேன். எத்தனை பேர் தொடங்கினார்கள், எத்தனை பேர் பாதியில் போனார்கள், எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, அதே வயது, வருமானம், வேலை நேரப் பிரிவுகளோடு. மாணவர் எண் எல்லோருக்கும் இருக்கிறது, செய்யலாம் என்றார்கள். நர்சிங் விண்ணப்பங்கள் வேறொரு மென்பொருளில் இருக்கின்றன, இரண்டையும் இணைக்க ஆள் வேண்டும் என்றும் சொன்னார்கள். பகுதிநேர ஆசிரியைக்கு அதற்கு மேல் கேட்கும் பலம் இல்லை. நான் மேசைமேல் ஒரு தாளை வைத்து, லேபின் முதல் நாளிலேயே வேலை நேரமும் வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் எத்தனை பேர் என்பதும் மட்டும் பெயரில்லாமல் எழுதச் சொல்கிறேன். அதை வைத்துத்தான் தேர்வு நாளையும், லேப் நேரத்துக்கு வெளியே எலும்புகளைப் பார்க்க வரும் நேரத்தையும் முடிவு செய்கிறேன்.

முப்பத்தைந்து வயதில் நர்சிங் தொடங்கலாமா என்று கேட்டு எழுதும் தோழிகளுக்கு: தொடங்கலாம். அனாட்டமியையும் மைக்ரோபயாலஜியையும் ஒரே செமஸ்டரில் எடுக்காதீர்கள். சரிப்படாது என்று தோன்றினால் முதல் இரண்டு வாரத்துக்குள், உங்கள் கல்லூரி குறிப்பிடும் கெடுவுக்கு முன் விலகிவிடுங்கள்; அதற்குள் விலகினால் பதிவில் எதுவும் ஏறாது. சேர விரும்பும் கல்லூரிகள் எதற்கு எத்தனை புள்ளி தருகின்றன என்ற தாளைப் பாடம் எடுப்பதற்கு முன்பே வாங்கிப் படியுங்கள். ஊருக்குப் பேசும்போது பிளஸ் டூ மார்க் ஷீட் எந்த பீரோவில் இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்டு வையுங்கள்.